பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

காந்திபுரம் மருந்துக்கடையானாலும் சரி, பல்லடத்துத் தறிக்குடோனானாலும் சரி, கொழுப்பு மாத்திரைப் பேச்சை எடுத்தால் ஒரே பாட்டுத்தான். "அதைத் தின்னா சதை கரைஞ்சிரும், கிட்னி போயிரும், சுகர் வந்துருமுங்க. எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வேலை." இதைக் கேட்டுவிட்டு, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள்கூட மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சைச் சும்மா விட முடியவில்லை.

சதைவலியிலிருந்து தொடங்குவோம். ஸ்டேட்டின் எனப்படும் இந்தக் கொழுப்பு மாத்திரையால் வலியே வராது என்று அடித்துச் சொல்லும் டாக்டர்களும் உண்டு, அதுவும் தப்பு. வரும். எத்தனை பேருக்கு என்பதுதான் கேள்வி. 2022இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வில், ஸ்டேட்டின் சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் சதைத் தொந்தரவு சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். 2020இல் வெளிவந்த லண்டன் சோதனை இன்னும் சுவாரசியமானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்தியிருந்த 60 பேரைச் சேர்த்தார்கள். ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டேட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை. எந்த மாதம் எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தொந்தரவுக்குத் தினமும் நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஒன்றும் சாப்பிடாதபோது சராசரி 8. ஸ்டேட்டினுக்கு 16.3. வெற்று மாத்திரைக்கு 15.4! வலி நிஜம்தான்; ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரை மேலுள்ள பயத்தால் வந்தது. இதுபோக, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சதை வலிக்கும், கொழுப்பும் ஏறும். அதைச் சோதிக்காமல் பழியை மாத்திரை மேல் போட்டுவிடுகிறோம்.

கிட்னிப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. செரிவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் வகை மருந்தைச் சாப்பிட்ட சிலருக்குச் சதை சிதைந்து, அதனால் சிறுநீரகமும் கெட்டது; இறந்தவர்களும் உண்டு. 2001 ஆகஸ்டில் பேயர் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இன்று நம் ஊரில் அதிகம் எழுதிக்கொடுக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் பெரும்பாலும் ஈரல் வழியாகவே வெளியேறுகிறது. சதை அந்த அளவுக்குச் சிதைவது இன்று மிக அபூர்வம். ஆனாலும் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் கூடச் சேர்ந்தால் ஆபத்து கூடும். கடுமையான சதைவலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுகர் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2010இல் வெளிவந்த ஆய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டேட்டின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சுகர் வரும். பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நிற்பவருக்குத்தான். அதே 255 பேரில் ஐந்து பேருக்காவது இதயத் தொல்லை தடுக்கப்படும்.

"செக்கு எண்ணெய்க்கு மாறிட்டேன், மாத்திரை எதுக்கு?" செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது, ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதி நம் ஈரல் செய்வது. தேங்காய் எண்ணெயோ கெட்ட கொழுப்பை ஏற்றவே செய்யும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் இதுதான் நிலவரம்.

கம்பெனிச் சதியா? அட்டோர்வாஸ்டேட்டினின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, மீதி 8 அட்டோர்வாஸ்டேட்டின். எல்லாம் இலவசம். பலனுக்கும் பழைய சாட்சி இருக்கிறது. 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளை ஐந்தாண்டுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேரும், சிம்வாஸ்டேட்டின் எடுத்தவர்களில் 8 பேரும் இறந்தார்கள்.

ஒரு புகாரை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டர் செக்கப்பில் எண் கொஞ்சம் கூடியதுமே, வேறு எந்தக் கோளாறும் இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் மாத்திரை எழுதிவிடுகிறார்கள். "எனக்கு எதற்கு?" என்று அவர் கேட்க வேண்டும், டாக்டரும் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், மாரடைப்பிலிருந்து தப்பியவர்கள் தயவுசெய்து தாங்களாக நிறுத்தாதீர்கள். தொந்தரவு இருந்தால், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் லேகியத்தையும்கூட டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம், வழி இருக்கிறது.