லைசென்ஸ் வந்தாயிற்று, எந்த லோரியில் ஏறுவது?

நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தால் என்ன பாடு படுகிறோம்! பையன் குடிப்பானா, கடன் உண்டா, மாமியார் எப்படி என்று மூன்று தோட்டம் தாண்டி ஆள் அனுப்பி விசாரிக்கிறோம். அதே வீட்டுப் பையன் லோரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றால், "கிடைச்ச இடத்துல ஏறிக்கோடா" என்று அனுப்பிவிடுகிறோம். அவன் ஏறப்போவது பத்து இருபது டன் பாரத்தோடு ஓடும் வண்டியில். அதற்கு விசாரணை வேண்டாமா?

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பையனுக்கு 23 வயது. ஆறாம் ஆண்டில் கணக்கில் கெட்டிக்காரன். ஐந்தாம் பாரம் முடித்து, இரண்டு வருடம் செம்பனைக் குலை லோரியில் கெலிண்டானாக ஏறி இறங்கி, இப்போது 'இ' லைசென்ஸும் சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜி.டி.எல். லைசென்ஸும் எடுத்துவிட்டான். அந்தச் செலவுக்குத் தாயார் தம் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்களாம். "சார், எதுல ஏறச் சொல்றது? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

பையனையும் மறுநாள் வரச் சொன்னேன். மூவரும் உட்கார்ந்து பேசினோம். இன்னும் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸையே வாங்கிப் பார்த்தேன். பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. 'இ' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் வகை உண்டு. இ2 என்றால் பாரமில்லாத எடை 5,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டி. இ1 என்றால் 7,500 கிலோ வரை. அதற்கு மேற்பட்டதற்கு முழு 'இ' வேண்டும். கையில் இ2 வைத்திருப்பவனைப் பெரிய வண்டியில் ஏற்றி, "பரவாயில்லை, கிட்டத்துலதானே" என்று சொல்லும் முதலாளி, விபத்து நடந்த அன்றைக்கு அவனைத் தெரியாது என்றும் சொல்லுவார். நம் பையனுடையது முழு 'இ'. அந்தக் கவலை இல்லை.

முதல் அழைப்பு ஒரு கல் லோரிக்காரரிடமிருந்து. மலையிலிருந்து கல் எடுத்துக் கட்டுமான இடத்தில் கொட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளம் கிடையாது, ட்ரிப்புக்கு 50 வெள்ளி. "நாளைக்கு ஆறு ட்ரிப் அடிக்கலாம், 300 வெள்ளி. மாசம் ஏழாயிரத்துக்கு மேல பாக்கலாம்" என்றிருக்கிறார். தாயாரின் கண்ணில் சங்கிலி தெரிந்தது. பையன் கண்ணில் என்ன தெரிந்ததோ, மோட்டார் சைக்கிளாக இருக்கலாம்.

நான் கரும்பலகைக்குப் போய்விட்டேன். வாத்தியார் புத்தி அதுதானே. போக 40 கிலோமீட்டர், வர 40. லோரி நின்று நிதானித்துப் போனால் மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வை. ஓட்டம் மட்டும் இரண்டு மணி நேரம். கல் ஏற்ற வரிசையில் நிற்க அரை மணி, கொட்ட இருபது நிமிடம். ஆக ஒரு ட்ரிப்புக்கு 2 மணி 50 நிமிடம். ஆறு ட்ரிப்புக்கு 17 மணி நேரம்! பையனே கணக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். நியாயமாக ஓட்டினால் மூன்று ட்ரிப்தான், எட்டரை மணி நேரம், 150 வெள்ளி. மழை பெய்தாலும் வண்டி பட்டறையில் கிடந்தாலும் அதுவும் இல்லை. ஆறு ட்ரிப் என்று அவர் சொன்னது சம்பளக் கணக்கு இல்லை. தூங்காதே, மெதுவாகப் போகாதே என்று சொல்வதற்கு அது இன்னொரு வழி. கண் மூடாமல் ஓட்ட மாத்திரை போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, பாரம். லோரிக் கதவுப் பக்கத்தில் பி.டி.எம்., பி.தி.எம். என்று மலாய்ச் சுருக்கெழுத்தில் எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பாரத்தோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய எடை, மற்றது வெறும் வண்டியின் எடை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். டன் கணக்கில் கூலி வாங்கும் முதலாளிக்கு அந்தக் கழித்தல் மட்டும் வராது.

2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தான் அருகே நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் காவல் பணி முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸார் வந்த வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதி 9 போலீஸார் மாண்டார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள். அந்த லோரி அளவுக்கு மீறிய பாரம் ஏற்றியிருந்தது விசாரணையில் தெரிந்தது. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் ஓட்டுநரும் ஒருவர். 2020-இல் திருத்திய சட்டப்படி, ஆபத்தாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானால் முதல் தடவைக்கே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். "தவுக்கே சொன்னார், நான் ஓட்டினேன்" என்பது அங்கே எவ்வளவு தூரம் எடுபடும்?

இரண்டாவது அழைப்பு சொந்தத்தில். பையனின் பெரியப்பா முறை. ஒரே ஒரு லோரி வைத்து, சுற்று வட்டாரத் தோட்டங்களில் குலை ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறார். தாயாருக்கு இதில்தான் ஆசை. வீட்டுச் சோறு, இரவில் வீட்டுத் தூக்கம். ரோட்டும் பையனுக்குப் பழகிய ரோடு. நானும் அதை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பார். சொக்சோ கிடையாது, சேமநிதி கிடையாது. "நம்ம புள்ளைக்கு எதுக்குப் பேப்பரு?" என்பார்.

நம்ம பிள்ளைக்குத்தானே முதலில் பேப்பர் வேண்டும்! சொக்சோ 1971-இல் தொடங்கியது. வேலையில் கை கால் போனால் சிகிச்சையும் மாதப் பணமும், உயிரே போனால் மனைவி மக்களுக்குப் பென்ஷனும் அதிலிருந்துதான் வருகின்றன. வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அதில் இடமுண்டு. ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் முதலாளி பதிய வேண்டும், உறவுக்காரர் என்ற சாக்கு செல்லாது. பெரியப்பா தாமே ஓட்டுகிறவராக இருந்தால், அவரும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். இதைச் சொன்னதும் தாயார், "அவர்கிட்ட யாரு சார் கேக்கறது?" என்றார். கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்து, பிறகு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் நிற்பதை நான் எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் வேலைக்கு முன்னால் கேட்டுவிடுவது மேல்.

மூன்றாவது, கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் கம்பெனி. அடிப்படைச் சம்பளம் உண்டு, அதற்கு மேல் ட்ரிப் காசு. சொக்சோ, இ.பி.எப். உண்டு என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். வண்டியில் ஜி.பி.எஸ். உண்டு. எந்த நேரத்தில் எங்கே போகிறான், எவ்வளவு வேகத்தில் போகிறான் என்று ஆபீசில் உட்கார்ந்தே பார்ப்பார்களாம். பையனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதற்காக இதைச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்தில் வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குக் காசு உண்டா, இல்லை சக்கரம் உருண்டால்தான் காசா? இதை நேர்முகப் பேட்டியிலேயே கேள் என்றேன். சேமநிதிக்கு முதலாளி 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு நூற்றுக்கு 13 போட வேண்டும், தொழிலாளி 11. சம்பளம் 2,000 என்றால் முதலாளி பங்கு 260, உன் பங்கு 220. ஆனால் ட்ரிப் காசை இந்தக் கணக்கில் சேர்க்கிறார்களா, அடிப்படையை மட்டும் காட்டுகிறார்களா? அதையும் கேள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. ட்ரிப் காசு பெரிது என்று சொல்லி அடிப்படையை அதற்குக் கீழே இறக்க இடமில்லை.

வேலை நேரமும் அப்படித்தான். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது சட்டம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. லோரி ஓட்டுநருக்கு இதெல்லாம் பொருந்தாது என்று சில கிராணிமார் சொல்வதுண்டு. பொருந்தும். சரக்கு வாகனம் ஓட்டுகிறவரை அந்தச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டைப் பார்க்கச் சொன்னேன். கம்பெனி பயிற்சி கொடுத்ததற்காக இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? வண்டியில் கீறல் விழுந்தால், டயர் வெடித்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று எழுதியிருக்கிறதா? முதலாளி இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கை வைக்கச் சட்டம் விடுவதில்லை. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று எண்ணி எண்ணித்தான் சொல்லியிருக்கிறது. முன்பணம் தருகிறேன், சங்கிலியை மீட்டுக்கொள் என்று எவராவது சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. நம் கொள்ளுத் தாத்தாமார் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கடன் எவ்வளவு நாள் இழுத்தது என்பதை லயத்து வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பேப்பரை விட்டு வண்டிக் கொட்டகைக்குப் போ என்றும் சொன்னேன். சாயங்காலம் வண்டிகள் திரும்பும் நேரம் பார்த்துப் போ. முன் டயர்கள் மொட்டையா? பின் விளக்குகள் எரிகின்றனவா? தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா? கதவில் எழுதியிருப்பது உன்னைக் கூப்பிட்ட கம்பெனியின் பெயர்தானா, வேறு பெயரா? கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்ற 'ஏ' வகைப் பெர்மிட் வேண்டும். ஒருவர் பெர்மிட்டில் இன்னொருவர் வண்டி ஓட்டும் பழக்கம் நாட்டில் உண்டு. அங்கே விபத்து என்றால் யார் முதலாளி என்று கண்டுபிடிப்பதற்குள் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியும் கேள். கனரக வாகனங்களில் அது ஒழுங்காக வேலை செய்வதைக் காட்ட வேண்டும் என்று 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கொண்டுவந்தார்கள். "அதைக் கழற்றிப் போட்டுட்டோம்" என்று சிரிக்கும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வா.

பிறகு வெளியே உள்ள சாப்பாட்டுக் கடையில் உட்கார். பழைய ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடு. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் அண்ணே என்று மட்டும் கேட்டால் போதும். பத்து வருடக்காரர்கள் நாலு பேர் இருந்தால் ஒரு மாதிரி. எல்லாரும் ஆறு மாதக்காரர்களாக இருந்தால் வேறு மாதிரி.

புது ஓட்டுநருக்கு முதல் மூன்று மாதம் எப்படி என்பதுதான் நான் பெரிதாக நினைப்பது. பயிற்சிப் பள்ளிக் களத்தில் வெறும் வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பாஸானவனை, நிறை பாரத்தோடு ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் மெனோரா சுரங்கப்பாதைச் சரிவில் தனியாக விடலாமா? இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம், ஆனால் பக்கத்தில் ஓர் அனுபவசாலி உட்கார்ந்து சொன்னால்தான் காலுக்கு ஏறும். துறைமுகக் கம்பெனி ஆறு வாரம் மூத்த ஓட்டுநரோடு அனுப்புவதாகச் சொன்னது. கல் லோரிக்காரர், "நாளைக்கே சாவி தர்றேன்" என்றார். பெரியப்பா தாமே கூட வருவேன் என்றார், அது அவருக்குப் பெருமைதான்.

பையன் கொட்டகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, துறைமுகக் கம்பெனியில் சேர்ந்தான். பெரியப்பாவுக்கு ஒரு வாரம் கோபம். சங்கிலியை ஆறு மாதத்தில் முழுதாக மீட்க முடியாது என்று கணக்குத் தெளிவாகவே சொல்கிறது. வட்டியைக் கட்டித் தவணையைத் தள்ள வேண்டியிருக்கும். தாயார் அதற்குத் தயாராகிவிட்டார். "கழுத்து காலியா இருந்தா என்ன சார், ராத்திரி போன் அடிச்சா பயமில்லாம எடுக்கணும்" என்றார்.

வீட்டில் இருக்கும் தாய்மாரே, ஒரு வேலை உங்களுக்கு. பையனின் லைசென்ஸ் நகல், வேலை ஒப்பந்தம், மாதா மாதம் வரும் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். வராவிட்டாலும், சீட்டில் இல்லாத பிடித்தம் இருந்தாலும், அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். புகார் கொடுக்கக் காசு கேட்க மாட்டார்கள். ஜி.டி.எல். எப்போது முடிகிறது என்பதையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், பையன்கள் மறந்துவிடுவார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் லைசென்ஸ் பற்றிப் பெண்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன்.