இறுக்குவது வேறு, பிடிப்பது வேறு

ஜுரு என்றால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு டோல் சாவடி நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்குக் கடல் உணவு. தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்டால் ஆற்று முகத்துவாரம், தண்ணீர் ஏறும் நேரம், சியாக்காப் மீன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜுரு ஆற்றில் கலந்து கோல ஜுரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அந்தக் கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

இந்த ஊரில், மாடி வீட்டு வரிசை ஒன்றின் பின்கட்டில், தூண்டில் கோல் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தம்பி சனிக்கிழமைகளில் அவரிடம் வேலை கற்றுக்கொள்கிறான். வானொலி நிகழ்ச்சிக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போன நான், இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்க முடியாத விஷயத்தோடு திரும்பினேன். அதனால்தான் இந்த வாரப் பத்தி.

அவர் பட்டறைச் சுவரில் உடைந்த கோல்கள் மூன்று தொங்குகின்றன. "இதெல்லாம் என்னண்ணே?" என்றேன். "ஸ்கூல் பீஸும்மா. எல்லாம் நான் கட்டுனது" என்றார்.

மூன்றும் உடைந்தது மீன் இழுத்து அல்ல, லேத்தில். தூண்டில் கோல் பார்க்கக் கம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே கூடு. கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியை இரும்புக் கம்பியின் மேல் பசையோடு சுற்றி, சூடேற்றி இறுக வைத்து, பிறகு கம்பியை உருவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மெல்லிய குழாய். அது நன்றாக வளைந்து கொடுக்கும். பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. லேத்தின் 'சக்' மூன்று இரும்புத் தாடைகளால் பிடிக்கிறது. சாவியைக் கொஞ்சம் அதிகம் திருப்பினால் மூன்றே கோடுகளில் மொத்த அழுத்தமும் இறங்கிவிடும். விரிசல் அப்போது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். பல மாதம் கழித்து நல்ல மீன் மாட்டும்போதுதான் 'படக்' என்று கேட்கும்.

பயந்துபோய் லூசாக விட்டாலோ கோல் நழுவும், ஆடும். 7 அடிக் கோலின் மறுமுனை சாட்டையாகச் சுழன்று பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். பின் எப்படித்தான் பிடிப்பது?

அண்ணன் செய்துகாட்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், கோலின் அடிப்பகுதிக் குழாய்க்குள் சரியாகப் பொருந்துகிற மரக்குச்சியைச் செருகுகிறார். சுவர் உள்ளே நசுங்காமல் அது தாங்கும். கோல் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருப்பதால், சிறுத்த பக்கம் கூடுதலாக மாஸ்கிங் டேப் சுற்றிச் சமமாக்குகிறார். இல்லாவிட்டால் தாடை ஒரு முனையில் மட்டும் கடித்து, கோல் மெல்ல வெளியே நகரும். அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர். அதன் பிறகுதான் சக். சாவியை விரல்களால் மட்டும் திருப்புகிறார், தோள் பலத்தைக் கொடுப்பதில்லை.

சுவிட்சைத் தொடுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்க்கிறார். கோலுக்குப் பக்கத்தில் பென்சிலை அசையாமல் நிறுத்தி, இடைவெளி கூடிக் குறைகிறதா என்று கவனிக்கிறார். கூடிக் குறைந்தால் நடுவில் நிற்கவில்லை என்று அர்த்தம். தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து. மீதி நீளத்தை உருளை வைத்த தாங்கிகள் இரண்டு மூன்று இடத்தில் ஏந்திக்கொள்கின்றன. "சக் சுத்துறதுக்கும்மா. தாங்குறது இதுங்க. எல்லாத்தையும் சக்கே தாங்கணும்னு நெனச்சுத்தான் எல்லாரும் அதைப் போட்டு இறுக்குறாங்க" என்றார்.

எல்லா வேலைக்கும் ஒரே பிடி கிடையாது. கைப்பிடியின் தக்கையைச் சொரத்தாளால் தேய்த்து வடிவம் கொடுக்கும்போது விசை அதிகம். நல்ல பிடி வேண்டும். வளையங்களைக் கட்டிய நூலின் மேல் எபோக்சி பூசிக் காயவைப்பதற்கு வேறு மோட்டார். பசை ஒரு பக்கம் வழிந்து தொங்காதபடி அது மணிக்கணக்கில் ஆமை வேகத்தில் சுற்றும். அதற்கு ரப்பர் வளையம் பிடித்தாலே போதும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு முக்கியமானது. லேத் பக்கம் போனால் கையில் கட்டிய சாமிக் கயிறு, வளையல், தொங்கும் சங்கிலி எதுவும் கூடாது. துணிக் கையுறையும் கூடாது. சுழலும் பொருள் கையுறையைச் சுற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். சக்கில் சாவியை விட்டுவிட்டு ஓட்டினால் அது பறக்கும். நான் போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "துப்பட்டாவைக் கழட்டி அங்க மாட்டும்மா."

தம்பியின் கைக்கு முதல் முறையாகக் காசு வாங்கும் வேலை வந்தது. இறந்துபோன அப்பாவின் பழைய கோலை ஒருவர் கொண்டுவந்தார். தக்கைப் பிடி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அப்படிப்பட்ட கோல் இப்போது கடையில் கிடைக்காது. உடைந்தால் ஈடு கட்ட வழியில்லை. தம்பி மரக்குச்சி, டேப், ரப்பர் எல்லாம் தயாராக வைத்திருந்தான். அண்ணன் கோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை சக்ல போடாதே" என்றார்.

மாற்று வழி இருந்தது. கோலின் தடிமனைவிடக் கொஞ்சம் மெல்லிய இரும்புக் கம்பியில் மெழுகு தேய்த்து, அதில் தக்கை வளையங்களைக் கோத்து ஒட்டினார்கள். இரும்பை எவ்வளவு இறுக்கினாலும் கவலையில்லை. லேத்தில் கடைந்து வடிவம் வந்ததும் கம்பியை உருவிவிட்டு, உள்துளையைக் கோலின் சரிவுக்கு ஏற்ப அரம் போட்டுப் பெரிதாக்கினார்கள். கடைசியில் கோலில் ஏற்றி ஒட்டினார்கள். அப்பாவின் கோல் லேத்தைத் தொடவே இல்லை.

இதைத் தமிழில் கடைசல் வேலை என்போம். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும், நாம் விட்ட பம்பரமும் இப்படிக் கடைந்து வந்தவைதான். கடையத் தெரிந்தால் மட்டும் போதாது, எதைக் கடையக்கூடாது என்றும் தெரிய வேண்டும் என்பதை அன்று பார்த்தேன். வார நாளில் தொழிற்சாலை ஷிப்ட் பார்க்கிற 26 வயதுப் பையனுக்கு, இதைச் சொல்லித்தர வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருப்பது பெரிய கொடுப்பினை. உங்கள் தாமானிலும் இப்படி ஒருவர் இருப்பார். பிள்ளைகள் அங்கே போய் நிற்கிறேன் என்றால் தடுக்காதீர்கள்.

கோலை வாங்க வந்தவர் புதுப் பிடியைப் பிடித்துப் பார்த்தார், காசு கொடுத்தார். பிறகு, உதிர்ந்த பழைய தக்கை இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தயாராக வைத்திருந்தார்.