உமிழ்நீர் உரைக்கும் செய்தி

 

எங்கள் மதரஸாவில் ஓதும் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ‘ஸா’ என்னும் அரபு எழுத்து வரவேயில்லை. நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் அவ்வெழுத்துப் பிறக்கும். பலமுறை அதட்டினேன். ஒருநாள் வாயைத் திறக்கச் சொன்னபோது, தொடுவதற்குப் பற்களே இல்லை. கறுத்த வேர்கள்தாம் நின்றன. அதட்டியதற்காக வெட்கினேன்.

“பால்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்றார் அவன் தாயார். நம்மில் பலரின் எண்ணமும் இதுவே. ஆனால் பால்பற்களே நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்பவை. அவற்றின் வேரில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் பல்லும் பழுதுறக் கூடும்.

சொத்தை ஓரிரவில் தோன்றுவதன்று. 1924-இல் கிளார்க் என்பார் கண்டறிந்த ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்னும் கிருமி இனிப்பை அமிலமாக்குகிறது. பற்பரப்பில் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அவ்வமிலத்தைத் தணித்து, இழந்த கால்சியத்தை மீட்டுத் தருவது உமிழ்நீரே.

ஆகவே மருத்துவர்கள் அந்த உமிழ்நீரையே சோதிக்கின்றனர். பிள்ளையை மெழுகுத் துண்டு ஒன்றை மெல்லச் செய்து, ஊறும் நீரைச் சேகரிப்பர். மெல்லத் தெரியாத மழலைக்கு நாவைத் தடவி எடுப்பதும் உண்டு. நீர் போதிய அளவு சுரக்கிறதா, அமிலத்தைத் தணிக்கும் ஆற்றல் உள்ளதா, கிருமிகள் எவ்வளவு என மூன்றையும் பார்ப்பர். ஒரு மில்லி லிட்டரில் கிருமி எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆபத்து மிகுதி எனக் கொள்வர்.

ஒன்றை மறவாதீர்கள். இச்சோதனை வரக்கூடிய ஆபத்தைச் சுட்டுமேயன்றிச் சொத்தையைக் காட்டாது. பல்லை மருத்துவர் நேரில் பார்த்தே தீர வேண்டும். முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நலம்.

வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிள்ளையின் மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெண்மை தெரிந்தால் அதுவே தொடக்கம். அந்நிலையில் ஃபுளூரைடு சிகிச்சையால் தடுக்க இயலும். இனிப்பிட்ட பால் புட்டியுடன் உறங்க வைக்காதீர்கள். நீங்கள் சுவைத்த கரண்டியால் ஊட்டாதீர்கள். தாயின் வாய்க் கிருமி சேய்க்குச் செல்லும் வழிகளுள் அதுவும் ஒன்று. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு ஃபுளூரைடு பற்பசையே போதும்.

அச்சிறுவனுக்கு ஏழெட்டு வயதில் புதுப் பற்கள் முளைக்கும். அதுவரை அவ்வெழுத்துக்காகப் பொறுத்திருப்பேன். உங்கள் பிள்ளையின் உஸ்தாதுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். இன்றிரவே அதன் உதட்டை உயர்த்திப் பாருங்கள்.