சர்க்யூட் படம் இல்லாத உரிமை எதற்கு?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களைக் கடந்தால்தான் எங்கள் மாரமங்கலம். இங்கே டிவி நின்றுபோனால் 'சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க' என்று போனில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். டிவியைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றுகிறவனுக்குத்தான் அந்த வார்த்தையின் பாரம் தெரியும். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டிப் பிழைத்தவன் நான். 'பழுதுபார்க்கும் உரிமை' என்று டெல்லியில் பேசுகிறார்களே, அது எங்கள் மலைவரை வந்து சேர வேண்டுமானால் என்ன வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயரை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகன் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறான். வால்வு ஆம்ப்பின் குரல்தான் வேண்டும் என்று தானே ஒன்றைக் கட்டினான். முன்னால் இரண்டு இசிசி 83 வால்வு, கடைசியில் இரண்டு இஎல் 84 வால்வு, சுமார் 15 வாட். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லேயே வால்வு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். அந்தப் பழைய சரக்கு இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆம்ப் பாடியது. ஆனால் வால்யூமைப் பாதிக்கு மேல் திருகினால், கிதாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டாலும், வீல் என்று கத்தியது.

"வால்வு போயிருக்கும் மாமா, வேற வாங்கிடலாங்களா?" என்றான்.

"எந்த வால்வுடா?" என்றேன். பதில் இல்லை. எது கெட்டது என்று தெரியாமலே எதை வாங்குவது?

கேட்டுக் கேட்டுத்தான் பழுதை மடக்க வேண்டும். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தால் கத்தல் நிற்கிறது. அப்படியானால் கத்தலின் சுற்று வால்யூமைத் தாண்டித்தான் ஓடுகிறது. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முன்னுக்கு வரும் ஃபீட்பேக் ஒயரைத் தலைகீழாக இணைத்திருந்தாலும் இப்படிக் கத்தும். அதைக் கழற்றிப் பார்த்தோம். நிற்கவில்லை, அதன்மேல் பழி இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, முதல் வால்வை உருவிவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டால் அமைதி. ஆக, பின்னாலிருந்து ஏதோ ஒன்று முதல் வால்வின் வாசலுக்குத் திரும்பி வருகிறது. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். கிதார் சாக்கெட்டிலிருந்து முதல் வால்வுக்குப் போகும் ஒயரை அசைத்ததும் கத்தலின் சுருதி மாறியது. அது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒயரோடு ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டும் தொட வேண்டியதே இல்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். இசிசி 83-க்குள் இருக்கும் இரண்டு பாதிகளில் ஒவ்வொன்றும் சிக்னலை ஐம்பது, அறுபது மடங்கு பெருக்கும். இரண்டும் அடுத்தடுத்து நின்றால் மூவாயிரம் மடங்கை எட்டிவிடும். கடைசி வால்வு வரை போனால் இன்னும் மேலே. கடைசியில் எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு வால்வுகளில் ஒன்றின் சிக்னல் எப்படியும் உள்ளே வந்த சிக்னலோடு ஒரே திசையில் ஏறி இறங்கும். அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு வாசலுக்குத் திரும்பினாலே ஆம்ப் தன் குரலைத் தானே கேட்டுப் பெருக்கத் தொடங்கிவிடும். ஜெர்மன் விஞ்ஞானி பார்க்ஹவுசன் 1921-ல் வகுத்த நிபந்தனை இதுதான். இதே சங்கதியை 1912-ல் வேண்டுமென்றே செய்து பார்த்துத்தான் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞர் ரேடியோவுக்குப் புது பலம் கொடுத்தார்.

வைத்தியம் சில ரூபாயில் முடிந்தது. அந்த ஒயரை எடுத்துவிட்டு ஷீல்டு ஒயர் போட்டு, அதன் மேலுறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். முதல் வால்வின் 2-ம் காலை ஒட்டி ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர், இஎல் 84-களின் 2-ம் காலில் தலா ஒரு 1.5 கிலோ ஓம். கத்தல் போய்விட்டது. புது வால்வு வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், கத்தல் அப்படியே இருந்திருக்கும்.

எல்லாக் கத்தலுக்கும் இதே மருந்து இல்லை. ஆயில் இன்ஜின் மாதிரி 'டுப் டுப்' என்று அடித்தால் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டன்சர் காய்ந்திருக்கலாம். காதுக்கு எட்டாத அலைவரிசையில் கத்தினால் சத்தம் மெலியும், வால்வின் பிளேட் சிவக்கும். காது, கண், மல்டிமீட்டர் மூன்றும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் சர்க்யூட் படம் வேண்டும். எந்தக் காலில் எத்தனை வோல்ட் என்று எழுதிய படம் தங்கை மகன் கையில் இருந்ததால்தான் இந்த விசாரணையே நடந்தது.

இன்று வீட்டுக்கு வரும் எந்தப் பொருளோடும் அந்தப் படம் வருவதில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளம் திறந்தது. 2025 மே மாதம், பொருள்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு வழங்குவது பற்றிய குழு அறிக்கை கொடுத்தது. உதிரிபாகம், கருவிகள் ஆகியவற்றோடு பழுதுபார்ப்புத் தகவலும் அதில் ஓர் அளவுகோல். நல்லதுதான். ஆனால் 'தகவல்' என்ற பெயரில் 'அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்' என்று ஒரு தாளை நீட்டிவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொள்ள யாரையும் விடக்கூடாது.

ஆளாளுக்குத் திறந்தால் ஆபத்து என்பார்கள். ஆபத்து உண்மை. அந்த ஆம்ப்பில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைப்போம். எந்தக் கண்டன்சரில் கரண்ட் நிற்கும் என்று சொல்வது எது? படம்தான். படத்தை மறைத்தால் ஆட்கள் திறப்பதை நிறுத்தமாட்டார்கள், குருட்டாம்போக்கில் திறப்பார்கள்.

இப்போதைய போர்டில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள், மலையில் என்ன செய்ய முடியும் என்றும் கேட்பார்கள். சில்லு செத்தால் ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் பழுதுபார்க்க என்னிடம் வருகிற பெட்டிகளில் பாதிக்குமேல் உப்பிய கண்டன்சர், விட்டுப்போன சாலிடர், சப்ளைப் பகுதியில் ஒரு டயோடு என்றுதான் இருக்கும். அதற்கு முழு போர்டையே மாற்றச் சொல்வது தோட்டக் கூலிக்காரரின் பையில் கை விடுகிற வேலை.

இரண்டு காரியம் கேட்கிறேன். உத்தரவாதக் காலம் முடிந்த எந்தப் பொருளுக்கும் சோதனை வோல்ட்டேஜ் எழுதிய சர்க்யூட் படத்தை நிறுவனம் பொதுவில் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் குறியீட்டில் தகவலுக்குப் பூஜ்யம். இரண்டாவது, ஐடிஐ செய்முறைத் தேர்வில் மாணவன் கையில் பழுதான பெட்டி ஒன்றைக் கொடுங்கள். எங்கே சந்தேகப்பட்டான், எப்படிச் சோதித்தான், எதை விலக்கினான் என்று அவன் எழுதுவதற்கே பாதி மதிப்பெண் போடுங்கள். அந்தப் பாதியை வாங்கிய பையன் ஊருக்கு ஒருவன் இருந்தால், பழுதான டிவியைத் தூக்கிக்கொண்டு யாரும் 20 வளைவு இறங்க வேண்டியிருக்காது.