பணம் பிள்ளையின் பின்னால் போகட்டுமா? பள்ளி வவுச்சர் குறித்து எங்கள் நிலைப்பாடு

அரசுப் பள்ளிகளுக்குச் செலவாகும் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, பெற்றோர் கையில் வவுச்சராகக் கொடுத்துவிடலாம். அவர்கள் விரும்பிய பள்ளியில், அது தனியார் பள்ளியானாலும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளட்டும். இப்படி ஒரு யோசனை நம் நாட்டில் அடிக்கடி தலைதூக்குகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு இதை எதிர்க்கிறது. அரசுப் பள்ளிகளில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. வெவ்வேறு நாடுகளில் அரசுக் கல்வி எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று பார்த்தபோது, வவுச்சர் எந்த நோய்க்கு மருந்தாகச் சொல்லப்படுகிறதோ அதே நோயை அது முற்றவைத்திருப்பதைக் கண்டோம். அதுதான் எங்கள் எதிர்ப்புக்குக் காரணம்.

முதலில் நம் கணக்கைப் பார்த்துவிடுவோம். 15 வயது மாணவர்களுக்கான பிசா சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றையொட்டி நடந்த நீட்டிப்பில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. முடிவுப் பட்டியலில் இரண்டுக்கும் பின்னால் இருந்தது கிர்கிஸ்தான் மட்டுமே. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. 2003-இல் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஓர் ஆய்வில், நான்கில் ஓர் ஆசிரியர் அன்று பள்ளியில் இல்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் கணக்கெடுப்பின் 2022 அறிக்கையின்படி, கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. இந்த எண்கள் எங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன என்பது தெரிந்தேதான் இங்கே எழுதுகிறோம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிசா தேர்வும் ஏசர் கணக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் அளந்தவை அல்ல. அந்தக் கணக்கில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்படியானால் தனியார் பள்ளிக்கு மாறினால் பிள்ளை கூடுதலாகக் கற்குமா? இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2008 முதல் 4 ஆண்டுகள், அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில், குலுக்கல் முறையில் ஏழைப் பிள்ளைகளுக்கு வவுச்சர் தரப்பட்டது. ஆய்வை நடத்தியவர்கள் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் வவுச்சர் பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. இந்தியில் மட்டும் வவுச்சர் பிள்ளைகள் தெளிவாக முன்னால் நின்றார்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் அந்தப் பாடமே அநேகமாகக் கிடையாது.

இதே ஆய்வில் எங்களுக்குச் சங்கடமான முடிவும் ஒன்று உண்டு. அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே கல்வி குறைந்த செலவில் கிடைக்கிறதே, பின் என்ன தயக்கம் என்று வவுச்சர் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். அந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். பணிப் பாதுகாப்பின்றி, அரசுச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்களிடமிருந்துதான் அது வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் படிப்புச் செலவை இந்தப் பெண்களின் கூலியில் மிச்சம்பிடிக்கலாம் என்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

வவுச்சர் என்னும் கருத்தை 1955-இல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதியவர் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். அதை ஒரு நாடு முழுவதற்கும் நடைமுறையாக்கியது 1981-இல் சிலியின் ராணுவ அரசு. பினோசெட் தலைமையிலான அந்த ஆட்சி, மத்திய அமைச்சகத்திடமிருந்த பள்ளிகளை நகராட்சிகளிடம் தள்ளிவிட்டது. வருகைப் பதிவேட்டில் எத்தனை தலை உண்டோ அத்தனைக்குப் பணம் என்று கணக்கு வைத்தது. லாபத்துக்குப் பள்ளி நடத்துபவருக்கும் அதே பணம் கிடைத்தது. 1993 முதல், அரசுப் பணம் வாங்கும் தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் அதற்குமேல் கட்டணமும் வாங்கலாம் என்று ஆனது. பிள்ளைக்குத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல் என்று பள்ளிகள் வடிகட்டத் தொடங்கின. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லித் தொடங்கிய திட்டத்தில், பள்ளிகள்தான் பெற்றோரைத் தேர்ந்தெடுத்தன.

1981-இல் சிலியின் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது ஐந்தில் இருவருக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சிக்குப் பின் நாட்டின் சராசரிக் கற்றல் உயர்ந்ததா என்று பொருளியலாளர்கள் சாங்-டாய் சியே, மிகுவேல் உர்க்கியோலா இருவரும் ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்ந்ததற்குச் சான்று இல்லை; வசதியுள்ள பிள்ளைகள் ஒரு பக்கம், ஏழைப் பிள்ளைகள் மறுபக்கம் என்று பிரிந்ததற்குத்தான் சான்று கிடைத்தது.

அந்த 2006-இலேயே சிலியின் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, கறுத்த மேலங்கிச் சீருடையால் அவர்களைப் ‘பெங்குவின்கள்’ என்று மக்கள் அழைத்தார்கள். 2011-இல் பல்கலைக்கழக மாணவர்கள் போராடினார்கள். கட்டணமும் வடிகட்டலும் லாபமும் அரசுப் பணம் வாங்கும் பள்ளிகளில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2015-இல். ஆக, ஒரு தவறைத் திருத்தும் சட்டத்துக்கே 34 ஆண்டுகள் பிடித்தன. இடையில் சிலி செய்த நல்ல காரியம் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: 2008-இல், ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் மானியம் என்று ஒரு சட்டம் இயற்றினார்கள். எங்கள் கோரிக்கைகளில் ஒன்றை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறோம்.

சர்வாதிகாரம் செய்ததை ஜனநாயகம் நன்றாகச் செய்துவிடும் என்று சொல்வோருக்கு ஸ்வீடன் இருக்கிறது. அங்கே 1992-இல் வவுச்சர் வந்தது. கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதியும் சில ஆண்டுகளில் வந்தது. ஆனால் லாபத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. விரைவிலேயே முதலீட்டு நிறுவனங்கள் பள்ளிகளை வாங்கின. 2013-இல் ஜேபி எஜுகேஷன் என்ற நிறுவனம் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிப்பின் நடுவில் வேறு கைகளுக்கு மாற்றிவிடப்பட்டார்கள். பிசா கணக்குத் தேர்வில் 2003-இல் 509 பெற்ற ஸ்வீடன் 2012-இல் 478-க்கு இறங்கியது. இந்தச் சரிவு முழுவதையும் வவுச்சரின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. பள்ளிகளை மத்திய அரசிடமிருந்து நகராட்சிகளுக்கு மாற்றியதும், ஆசிரியர் பணியின் மதிப்பு இறங்கியதும் காரணங்களே. ஆனால் போட்டி வந்தால் தரம் உயரும் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதில் ஐயமில்லை.

ஸ்வீடனில் எங்களை மிகவும் உறுத்தியது வேறொன்று. தனியார் பள்ளிகளின் தேர்ச்சி, மாணவர் விவரம் போன்ற புள்ளிவிவரங்கள் வணிக ரகசியம் என்று தீர்ப்பு வந்ததால், 2020-இல் பள்ளிக் கல்வி முகமை அவற்றை வெளியிடுவதையே நிறுத்தவேண்டியதாயிற்று. பிறகு தற்காலிகச் சட்டம் போட்டுத்தான் வழி செய்தார்கள். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியைப் பற்றி மக்களே தெரிந்துகொள்ள முடியாத நிலை அது.

வவுச்சர் இல்லாத நாடுகளும் தோற்றிருக்கின்றன. அவற்றையும் பார்த்தால்தான் நோய் எது என்று புரியும். அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில், மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகள் வாழ்ந்த எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் 1968-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்கள் கட்டிய வரி விகிதம் பக்கத்து ஆலமோ ஹைட்ஸைவிட அதிகம். ஆனால் வீடுகளின் மதிப்பு குறைவு. அதனால் ஒரு பிள்ளைக்கு எட்ஜ்வுட் உள்ளூரில் திரட்ட முடிந்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ் திரட்டியது 333 டாலர். 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்றது. அதன்பின் மாநில நீதிமன்றங்களில் எத்தனையோ வழக்குகள். அரசுப் பள்ளி என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு எட்ஜ்வுட்டைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஒழிந்தபின் வந்த 1996 சட்டம், அரசுப் பள்ளிகளே பெற்றோர் ஒப்புதலோடு கட்டணம் வாங்க இடம் தந்தது. முன்பு வெள்ளையருக்கென்று இருந்த பள்ளிகள் அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொண்டன. ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்குப் பின்னால் கட்டண விலக்கு வந்தது, ஆசிரியர் வரவில்லை. 2021-இல் நடந்த சர்வதேச வாசிப்புத் தேர்வில் அந்நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் வாசித்ததைப் புரிந்துகொள்ளும் நிலையை எட்டவில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945-இல் இலவசக் கல்வி தந்த இலங்கையிலும், பெரும்பாலானவை அரசுப் பள்ளிகளே என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. பத்து வயதுப் பிள்ளை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக டியூஷன் வகுப்புகளில் மாலையைக் கழிப்பது, பெயர்பெற்ற பாடசாலை ஒன்றில் இடம் பிடிக்கத்தான். தென் கொரியாவின் தேர்வு முடிவுகளை உலகமே புகழ்கிறது. ஆனால் 2023-இல் அந்நாட்டுப் பெற்றோர் தனிப்பயிற்சிக்குச் செலவிட்டது ஏறத்தாழ 27 லட்சம் கோடி வோன்.

வவுச்சர், வீட்டு முகவரி, கட்டணம், டியூஷன் என்று வழிகள்தான் வேறு வேறு. வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து எடுத்துக்கொள்ள ஒரு வழியை ஒவ்வொரு நாடும் திறந்துவைத்திருக்கிறது. அவர்கள் போனபின் மிஞ்சும் பள்ளியில் கழிப்பறைக் கதவு உடைந்தால் அதிகாரியிடம் போய்ச் சத்தம்போட ஆளிருப்பதில்லை. 1966-இல் நம் நாட்டின் கோத்தாரி கல்வி ஆணையம் அருகமைப் பள்ளியை வலியுறுத்தியபோது இந்த ஆபத்தைத்தான் சுட்டிக்காட்டியது.

தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளைத் தண்டித்தால் சரியாகிவிடும் என்போரிடமும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் அப்படி நெருக்கியபோது, ஆசிரியர்களே விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துத் திருத்தினார்கள். 2011 விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைக் குறிப்பிட்டது. பின்லாந்தைப் பார்த்து அப்படியே செய்யலாம் என்பதும் போதாது. 2006-இல் பிசா கணக்கில் 548 வாங்கிய அந்நாடு 2022-இல் 484-க்கு இறங்கியது.

எங்களுக்கு நம்பிக்கை தருவது வடகிழக்கு பிரேசிலின் வறண்ட சியாரா மாநிலத்திலுள்ள சொப்ரால் நகரம். 2000-ஐ ஒட்டி அங்கே தொடக்க வகுப்புகளை முடித்த பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு வாசிக்கவே தெரியவில்லை. நகராட்சி அந்த உண்மையை மறைக்கவில்லை. அரசியல் சிபாரிசில் தலைமை ஆசிரியரை நியமிப்பதை நிறுத்தி, தேர்வு வைத்து எடுத்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் வாசிப்புக்கே முதலிடம் என்று முடிவுசெய்து, அதற்கு ஆசிரியர்களை விடாமல் பயிற்றுவித்து, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று அவ்வப்போது பார்த்தார்கள். பிரேசிலின் தேசியக் கல்விக் குறியீட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2015-இலும் 2017-இலும் முதலிடம் அந்த ஏழை ஊருக்கு. பள்ளிகளை அவர்கள் யாருக்கும் விற்கவில்லை. அவர்கள் சிறு பள்ளிகளை இணைத்ததை மட்டும் நாங்கள் இங்கே பரிந்துரைக்கத் தயங்குகிறோம். நம் கிராமங்களில் பள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போனால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது இவை. தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளி முறை முடிவுக்கு வரவேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் தடையின்றி வாசிப்பதை உறுதிசெய்து, பள்ளிவாரி முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கவேண்டும்; அதை வைத்து ஆசிரியரைத் தண்டிக்கவும் கூடாது, பரிசு தரவும் கூடாது. மிக ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு, பிள்ளை ஒன்றுக்குக் கூடுதல் நிதி வேண்டும். ஆசிரியர் வராத நாளைக் கணக்கில் கொண்டுவருவதை நாங்கள் எதிர்க்க மாட்டோம். கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று வகுப்பிலிருந்து அவரை இழுத்துச் செல்லும் நாளையும் அதே பதிவேட்டில் எழுதவேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களில் படிக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களின் படிப்பு எக்காரணத்தாலும் தடைபடக் கூடாது; அவர்களுக்கான தொகையை அரசு உரிய காலத்தில் தரவேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டை முன்மாதிரியாகக் காட்டி வவுச்சருக்கு விரிவாக்குவதை ஏற்க மாட்டோம்.

எந்த அரசாவது சோதனை முயற்சி என்ற பெயரில் வவுச்சரைக் கொண்டுவந்தால், அதில் சேரும் ஒவ்வொரு பள்ளியும் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது, தேர்வோ நேர்காணலோ வைக்காமல் குலுக்கலில் சேர்க்க வேண்டும், லாபம் எடுக்கக் கூடாது, ஆசிரியர்களுக்கு அரசுச் சம்பளம் தரவேண்டும், வரவு செலவையும் தேர்ச்சி விவரத்தையும் பொதுவில் வைக்கவேண்டும் என்பதை முதல் நாளிலேயே சட்டமாக எழுதச் சொல்வோம். எழுத மறுத்தால் நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்ப்போம்.