குன்றில் எழுந்த கலகமும் கூண்டில் கிடைத்த தீர்ப்பும்

பால் கொட்டகையில் சென்ற வாரம் ஒரு பேச்சு எழுந்தது. "மதத்தின் பேரால் துப்பாக்கி தூக்குகிறவனுக்கு விசாரணை எதற்கு? கண்ட இடத்தில் சுட வேண்டியதுதான்" என்றார் ஒருவர். சுற்றி நின்றோர் ஆமாம் போட்டனர். பால் கணக்கை எழுதிக்கொண்டிருந்த நமக்கு மட்டும் ஆமாம் போட மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறோம்.

அண்டை மாநிலமான பேராக்கில் நடந்ததை முதலில் பாருங்கள். தற்காப்புக் கலையும் 'உள்சக்தி'யும் கற்பிப்பதாகத் தோன்றிய கூட்டம் அல்-மாவ்னா. அதன் தலைவர் முகமட் அமின், முன்னாள் படைவீரர். 2000 ஜூலை 2-ஆம் நாள் விடியற்காலையில், இராணுவ அதிகாரிகளைப்போல் உடை தரித்து, "சோதனைக்கு வந்திருக்கிறோம்" என்று கிரிக் வட்டாரத்து முகாம்களில் புகுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிக்கொண்டு சாவுக் அருகேயுள்ள ஜெனாலிக் குன்றில் ஏறிக்கொண்டனர். அரசைக் கவிழ்த்து மத ஆட்சி அமைப்பதே நோக்கம். பத்துமலைக் கோயிலும் அவர்கள் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

பிணையாகச் சிக்கியவர் நால்வர். இருவர் மலாய்க்காரர். ஒருவர் தமிழரான போலீஸ்காரர் சகாதேவன். மற்றவர் சரவாக்கைச் சேர்ந்த மேத்யூ மெடான். முஸ்லிம் அல்லாத இவ்விருவருமே கொல்லப்பட்டனர். இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் குன்றேறிச் சென்று கலகக்காரரைப் பணியவைத்த தளபதி ஜைனியும் மலாய்க்காரரே என்பதை மறப்பதும் நியாயமன்று. உள்சக்தி ஒரு வாரங்கூட நிற்கவில்லை!

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். வேறு சிலர் விசாரணையின்றி அடைக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் அமினும் கூட்டாளிகளும் மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். சாட்சிகள் பேசினர், வழக்கறிஞர்கள் வாதாடினர். 2001-இல் தீர்ப்பு வந்தது. 2006-இல் அமின் தூக்கிலிடப்பட்டார். "எல்லாம் நாடகம்" என்று அன்று ஐயப்பட்டவர்களுக்கு அந்த விசாரணையே விடையாயிற்று.

இனி நம் கெடாவுக்கு வருவோம். பாலிங் வட்டாரத்து மெமாலி கிராமத்தை நம்மில் அறியாதார் யார்? ரப்பர் விலை வீழ்ந்து வயிறு காய்ந்த சிறுதோட்டக்காரர்கள் 1974-இல் ஊர்வலம் போன பாலிங் அது. 1980-களின் தொடக்கத்தில், இன்ன கட்சிக்காரன் உண்மை முஸ்லிமா என்ற சச்சரவில், ஒரே கிராமம் இரண்டு இமாம்களின் பின்னே பிரிந்து தொழுத காலமும் உண்டு. லிபியாவில் படித்ததால் 'இப்ராகிம் லிபியா' எனப்பட்ட இப்ராகிம் மாமுட் அங்கே மக்களைத் திரட்டினார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. அவர் பணியவில்லை. 1985 நவம்பர் 19-இல் போலீஸ் கிராமத்தைச் சூழ்ந்தது. அன்று மாண்டவர் 18 பேர்: கிராமத்தார் 14, போலீசார் 4. இப்ராகிமும் மாண்டார்.

அரசு 1986-இல் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பாஸ் கட்சியோ மாண்ட கிராமத்தாரைத் தியாகிகள் என்றது. இப்ராகிம் மீதிருந்த குற்றச்சாட்டு எந்த நீதிபதி முன்பும் வராமலே போயிற்று. ஆகவே, இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அவர் கலகக்காரரா, தியாகியா என்ற வாதம் ஓயவில்லை. உயிர்நீத்த போலீசாரின் வீடுகளிலும் அழுகைதான். கிராமத்தார் வீடுகளிலும் அழுகைதான்.

"இதில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன?" என்று கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! இப்ராகிமைத் தேடிய அதே சட்டம் 1987-இல் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டைச் சிறையில் வைத்தது. அச்சட்டம் 2012-இல் ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் வந்த சோஸ்மா சட்டத்தின்கீழ் 2019-இல் தமிழர் பன்னிருவர், விடுதலைப் புலிகளோடு தொடர்பென்று கைதாகி, ஜாமீன் இன்றி மாதக்கணக்கில் வாடினர். 2020-இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பிறனுக்கென்று வெட்டிய குழி நம் வாசலுக்கு வர எத்தனை நாள் ஆகும்?

துப்பாக்கி தூக்கியவனை மன்னிக்கச் சொல்லவில்லை நாம். அவனைக் கூண்டில் ஏற்றுங்கள்; ஊரறியக் கேளுங்கள்; குற்றம் நிலைநின்றால் தண்டியுங்கள் என்கிறோம். ஒரு தொழிலாளியை வேலைநீக்கம் செய்தாலே "விசாரணை எங்கே?" என்று கேட்கிற சங்கம் நம்முடையது. உயிர் போகும் காரியத்தில் அக்கேள்வியைக் கைவிடலாமா?