மேல்வீட்டுத் தண்ணீரும் கீழ்வீட்டு வெள்ளமும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவர்கள் அத்திவாரத்தை நிலமட்டத்திலிருந்து எவ்வளவு உயர்த்தலாம் என்றே யோசிப்பார்கள். மண்ணுக்குக் கீழே மனிதர் வசிப்பது எங்கள் வழக்கமன்று. ஆனால் கனடாவுக்குச் சென்ற எம்மவரில் ஏராளமானோரின் முதல் முகவரி, 'பேஸ்மென்ற்' என்று அங்கு எல்லோரும் அழைக்கும் நிலக்கீழ்த் தளந்தான். குளிர்காலத்தில் உறையும் நிலம் அத்திவாரத்தை அசைத்துவிடாதிருக்க ஆழமாகத் தோண்டியே கட்டவேண்டியிருக்கிறது. தோண்டிய இடத்தை வீணாக்குவானேன் என்று அறைகளாக்கி, பின்னர் வாடகைக்கும் விடுகிறார்கள்.

எனது மருமகனும் மிசிசாகாவில் அப்படித்தான் வாழ்வைத் தொடங்கினார். 2013 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் திகதி மாலை பெய்த மழை ரொறன்ரோவையும் அயல் நகரங்களையும் கலங்கடித்தது. பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீற்றர் பதிவாயிற்று. அன்று அவருடைய அறைத் தரையிலிருந்த வடிகால் துவாரத்தின் வழியே கழிவுநீர் பொங்கி, மெத்தை, பெட்டி, புத்தகம் எல்லாவற்றையும் நாசமாக்கியது. வீட்டுக்காரரின் காப்புறுதி வாடகைக்கு இருப்பவரின் பொருட்களைக் காப்பதில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. "மாமா, நான் வீடு வாங்கினால் ஒருவரையும் இப்படி வைத்திருக்கமாட்டேன்" என்று தொலைபேசியில் சொன்னார்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், அவருடைய சொந்த வீட்டில் நான் விருந்தினன். கீழே வடமராட்சியிலிருந்து படிக்க வந்த இளைஞர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். 16 ஆம் திகதி காலை மீண்டும் பெருமழை. அதே விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர். மருமகன் வேலைக்குப் போய்விட்டார். சலவை இயந்திரம் ஒருபுறம் ஓட, நான் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அந்த இளைஞர் வாசலில் நின்றார். "ஐயா, கீழே தண்ணி வருது."

பழைய அனுபவம் மருமகனுக்கு மறக்கவில்லை. தெருக் குழாயிலிருந்து கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைப் பணம் செலவழித்துப் பொருத்தியிருந்தார். தெருக் குழாய் நிரம்பியதும் அது ஒழுங்காக மூடிக்கொண்டது. ஆனால் வெளிநீர் உள்ளே வரமுடியாத அவ்வேளையில் வீட்டு நீரும் வெளியே போகமுடியாது. நான் குளித்த நீரும் துணி துவைத்த நீரும் வீட்டின் மிகத் தாழ்ந்த துவாரத்தைத் தேடிப் போயின. அது அந்தப் பிள்ளையின் கட்டிலருகே இருந்தது. கடும் மழையில் வால்வு மூடியிருக்கும்போது மேலே ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றலாகாது என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. மருமகனுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

நனைந்தவற்றை எடுக்க அலுமாரியை நகர்த்தியபோது வேறொன்றும் தெரிந்தது. பின்சுவரில் புது வர்ணம் கொப்புளித்து, வெண்ணிற உப்புப் படிந்திருந்தது. அந்தச் சுவர் நெடுநாளாகக் கசிந்திருக்கிறது. வாடகைக்கு விடுமுன் மருமகன் அதன்மேல் வர்ணம் பூசியிருக்கிறார். அன்றிரவு எனக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தை இங்கே எழுதப்போவதில்லை.

உட்புறப் பூச்சு கறையை மறைக்குமே தவிர நீரை மறிக்காது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய ஒரு பொலித்தீன் துண்டு போதும். காய்ந்த சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டால், அறைப்பக்கம் நனைந்திருப்பின் அது காற்றின் ஈரப்பதன். சுவர்ப்பக்கம் நனைந்திருப்பின் கசிவு. கசிவென்றால் முதலில் பார்க்கவேண்டியது கூரையை. பீலியில் இலைகுழை அடைத்திருக்கும், அல்லது பீலிக் குழாய் அத்திவாரத்தின் காலடியிலேயே நீரைக் கொட்டும். அதை இரண்டு மீற்றராவது தள்ளி விழச்செய்து, மண்ணைச் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரித்துவிட்டாலே பல வீடுகள் தப்பிவிடும். முற்றத்து நீரை வாசலுக்கு வராமல் ஓடவிட்ட எங்கள் ஆச்சிமாருக்கு இதை எவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. அதற்கும் அடங்காவிட்டால்தான் அத்திவாரத்தை வெளியே தோண்டும் பெருஞ்செலவு.

செலவைப் பற்றிய முணுமுணுப்பை நான் அறிவேன். வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் மாதந்தோறும் வாடகை வாங்குபவர், சாவியைக் கொடுக்கும்போதே இங்கே முன்பு தண்ணீர் வந்ததா என்பதைச் சொல்லிவிடவேண்டும் என்பது எனது திடமான அபிப்பிராயம். கீழே இருப்பவர் பெரும்பாலும் புதிதாக வந்தவர். முறையிட்டால் அறை போய்விடுமோ என்று அஞ்சுபவர். நனைந்த கம்பளமும் மெத்தையும் இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதைச் சுவாசிப்பவரும் அவர்தான்.

அந்த இளைஞர் மாத முடிவில் வேறிடம் போனார். அவருடைய சான்றிதழ்களை நானும் அவருமாக மேல்மாடிக் கட்டிலில் விரித்துக் காயவைத்தோம். இரண்டில் மை கலைந்துவிட்டது. மருமகன் வெளிச்சுவரைத் தோண்டுவதற்கு ஆள் பிடித்திருக்கிறார். மேலேயுள்ள குளியலறைக் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதாம்: "கடும் மழையில் குளிக்கவேண்டாம்."